பதினான்காம் எண் வயலில் கொடி ஏறவில்லை

கரமல்லாவின் இடது கண்ணில் பால் ஊற்றினாற்போல் ஒரு படலம் உண்டு. பிறவிக் கோளாறு இல்லை. இருபத்தோரு வயதில் மருந்து விமானத்துக்குக் கொடி பிடிக்கும் வேலைக்குப் போனார். இருபத்தேழில் அந்த வேலையை விட்டு வந்தபோது படலமும் கூடவே வந்தது.

கெஸீரா சமவெளியில் பருத்திக்கு மருந்தடிப்பது கை வேலை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத கரிசல், அதில் கால்வாய் கால்வாயாகப் பிரித்த வயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விமானம்தான் அடிக்கும். வயலின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், நீண்ட கழியில் வெள்ளைத் துணி கட்டி உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு கொடிகளையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தபடி விமானி தாழப் பறந்து வருவார். சக்கரம் செடியின் தலையைத் தடவிவிடுமோ என்று தோன்றும். மருந்து தூறலாக இறங்கும். தலைக்கு மேல் விமானம் கடந்ததும் இருவரும் பதினைந்து எட்டு நடந்து மறுபடி கொடியைத் தூக்க வேண்டும். தலைப்பாகை நுனியை மூக்கின்மேல் இழுத்துக்கொள்வதைத் தவிர வேறு காப்பு கிடையாது. வேலை முடிந்தால் கால்வாயில் முகம் கழுவிக்கொண்டு, கிஸ்ரா என்ற சோள ரொட்டியைப் பிய்த்து வெண்டைக் குழம்பில் தோய்த்துத் தின்பார்கள். சாப்பிட்ட பிறகும் நாக்கில் மருந்துதான் கசக்கும்.

கண் கெட்ட பிறகு, கரமல்லாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதை நினைவில் வைத்திருந்த ஓர் அதிகாரி அவரைப் பூச்சி எண்ணும் வேலையில் போட்டார். ஊரில் சிரித்தார்கள்.

"ஒத்தக் கண்ணன் போயி ஈ எண்ணப் போறானாம்!"

"லென்ஸ வச்சுப் பாக்கறப்ப நீங்களும் ஒரு கண்ண மூடித்தான் ஆகணும். எனக்கு அந்தச் சிரமம் இல்ல," என்றார் கரமல்லா.

ஆறு நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்குள், வயலில் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து நூறு இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினி, காய்ப்புழு என்று படிவத்தில் நான்கு கட்டங்கள். நூறு இலைக்கு இருநூறு வெள்ளை ஈ தாண்டினால் விமானம் வரும். ஈ கழிக்கிற தேன் போன்ற பசை விரிந்த பஞ்சில் சொட்டினால் நூற்பாலையில் எந்திரம் சிக்கிக்கொள்ளும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் வெள்ளை ஈ என்றாலே கிலி.

நான்கு வருடம் கரமல்லா சொன்னபடி எண்ணினார், சொன்னபடி எழுதினார். ஐந்தாம் வருடம் பத்தூல் அவரை வழிமறித்தாள்.

பத்தூல் கணவனை இழந்தவள். பதினான்காம் எண் வயலை ஒன்பது குத்தகைக்காரர்கள் பங்கு போட்டுப் பயிரிட்டார்கள், அதில் மேற்கு ஓரத்துப் பாகம் அவளுடையது. அந்த ஓரத்தில் ஒரு பெரியவரின் அடக்கத்தலமும் அதன்மேல் ஒரு வெள்ளைக் கும்மட்டமும் சுற்றிலும் உயரமான வேல மரங்களும் இருந்தன. மரத்துக்கும் கும்மட்டத்துக்கும் பயந்து விமானி அங்கே வருவதற்குள் மூக்கைத் தூக்கிவிடுவார். மருந்து விழாத இடத்தை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று எண்ணுகிறவர்களும் அந்த மூலைக்குப் போவதில்லை.

"என் பாகத்த மட்டும் எட்டிப் பாக்காம போறியே கரமல்லா, என் செடிக்கென்ன குஷ்டமா?" என்றாள் பத்தூல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அங்க மருந்தே விழறதில்லையே பத்தூலக்கா."

"விழலன்னா செத்தா போச்சு? வந்து பாத்துட்டுப் பேசு."

அவளுடைய வாய்க்குப் பயந்தே போனார். போனவர் அன்று முற்பகல் முழுவதும் அங்கிருந்து வரவில்லை.

மற்ற எட்டுப் பாகங்களிலும் இலையைத் தட்டினால் வெள்ளைப் புகை மாதிரி ஈ எழும். இங்கே தட்டினார், ஏழெட்டு எழுந்தன. இலையின் அடியில் ஈயின் குஞ்சுகள் செதில் செதிலாக ஒட்டிக் கிடந்தன. லென்ஸை நெருக்கிப் பிடித்தார். ஈ வளர்ந்து வெளியே போயிருந்தால் அந்தச் செதிலின் முதுகு கிழிந்திருக்கும். இங்கே பாதிக்கு மேல் செதில்களில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான ஓட்டை. செதிலுக்குள் வேறு ஏதோ இருந்து, ஈயைத் தின்றுவிட்டு, தனக்கென்று ஒரு வாசல் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. காத்திருந்து பார்த்தார். எறும்பின் தலையளவுகூட இல்லாத ஒரு குளவி செதிலின் மேல் ஏறி நின்றது. பொறிவண்டுகள் இருந்தன. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, கொடுக்கு போன்ற தாடையை வைத்து ஓர் அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலைக் கீழே போட்டது. மொட்டுக்குள் நாவாய்ப்பூச்சி, கிளைக்குக் கிளை சிலந்தி.

படிவத்தில் இவற்றுக்கு இடம் இல்லை. படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினார்.

இரண்டு பருவம் இப்படிப் போயிற்று. முன்பக்கம் அலுவலகத்துக்கு, பின்பக்கம் தனக்கு. மருந்தடித்த மூன்றாம் நாள் ஈ விழுந்து கிடக்கும். பத்தாம் நாள் பழையபடி இருக்கும். இருபதாம் நாள் பழையதைவிட இரண்டு பங்கு. வருடத்துக்கு மூன்று முறை அடித்தது ஆறாகி எட்டாகியும் ஈ குறைந்தபாடில்லை. கும்மட்டத்து மூலையில் ஈ ஏறும், அதன் பின்னாலேயே அதைத் தின்பவையும் ஏறும், பிறகு ஈ இறங்கும். ஒருமுறை கூட இருநூறு தாண்டி அங்கே நிலைக்கவில்லை. மருந்து ஈயைக் கொல்வதைவிட ஈயின் பகையாளியை நன்றாகக் கொல்கிறது என்று கரமல்லாவுக்குப் பிடிபட்டது. தான் ஆறு வருடம் கொடி தூக்கி அழைத்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த அக்டோபரில், அந்தப் பருவத்தின் முதல் மருந்து விழுவதற்கு முன், பதினான்காம் வயலில் நூறு இலைக்கு இருநூற்று நாற்பது ஈ வந்தது. அதே நூறு இலையில் பகையாளிகள் எழுபதுக்கு மேல், ஓட்டை விழுந்த செதில்கள் நூற்றுக்கு இருபது. கரமல்லா படிவத்தின் முன்பக்கத்திலேயே, நான்கு கட்டங்களுக்கும் கீழே, கொட்டை எழுத்தில் 'மருந்து வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வட்டார இன்ஸ்பெக்டர் ஷரஃபுத்தீன் கெட்டவர் இல்லை. வேலையில் கறார். சட்டைக் காலரில் கசங்கல் இருக்காது, மேசையில் காகிதம் கோணலாக இருக்காது. படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருநூத்தி நாப்பது. நீயே எழுதியிருக்க. அப்புறம் வேண்டாம்னா என்னய்யா அர்த்தம்?"

"அந்த இலையிலயே ஈயத் தின்னுறதும் எழுபது இருக்கு ஜனாப். கொஞ்சம் பொறுத்தா அதுங்களே வேலையப் பாத்துக்கும். இப்ப அடிச்சா ஈ மறுபடி வந்துரும், அதுங்க வராது."

"தின்னுறதுக்குக் கட்டம் எங்க இருக்கு?"

"கட்டம் இல்ல."

"படிவத்துல இல்லாத பூச்சி வயல்லயும் இல்ல கரமல்லா. பசை விழுந்த பஞ்ச நான் கொண்டுபோயி நிறுத்தினா, எம் முகத்துல காறித் துப்புவாங்க. உன் முகத்துல இல்ல."

"அப்ப இந்தப் படிவத்தையே கொண்டுபோயிச் செடிமேல விரிச்சு வைங்க ஜனாப். ஈயத் தின்னுதான்னு பாப்போம்."

அறையில் இருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினார். ஷரஃபுத்தீன் அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, பேனாவை நீட்டி மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னார். கரமல்லா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எண்ணினது நானு. அடிச்சது நீங்க. கையெழுத்தும் நீங்களே போட்டுக்கோங்க."

சனிக்கிழமை காலை விமானம் என்று முடிவாயிற்று.

கரமல்லாவுக்கு மூன்று நாள் இருந்தது. கால்வாய்ப் பாலத்தருகே டீ விற்கும் பெண்ணின் பந்தலில் பதினான்காம் வயலின் ஒன்பது பேரையும் கூட்டினார். மருந்தை மறிக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் முதலில் துள்ளியவர் ஹாஜ் மக்காவி. ஒன்பது பேரில் மூத்தவர், கிழக்கு ஓரத்துப் பாகம் அவருடையது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான்கு பேர் தலையாட்டுவார்கள்.

"எங்க வயித்த வச்சு நீ சூதாட வந்திருக்கியா? பூச்சிய பூச்சி தின்னும்னு உக்காந்திருந்தா, பருத்திய யாரு தின்னுறது?"

கரமல்லா ஒரு காலி டீ கிளாஸைக் கேட்டு வாங்கினார். மடியிலிருந்து அசுவினி மொய்த்த ஒரு பருத்திக் கொழுந்தை எடுத்து அதற்குள் போட்டார். தீப்பெட்டியைத் திறந்து கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு இரண்டை மேலே விட்டார். கிளாஸின் வாயைத் துணியால் கட்டி மக்காவியின் முன்னால் வைத்தார்.

"லுஹர் தொழுகை வரைக்கும் இது உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும் ஹாஜி. நான் தொடமாட்டேன்."

முதலில் யாரும் அதைப் பார்க்காதவர்கள்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் குனிந்தார். பிறகு இன்னொருவர். டீக்காரப் பெண் கரண்டியோடு வந்து, "அடி ஆத்தே, தூக்கிக் குடிக்குதே!" என்றாள். கிளாஸைச் சுற்றித் தலைகள் முட்டிக்கொண்டன. எந்தப் புழு அதிகம் தின்கிறது என்று இரண்டு பேர் பந்தயமே கட்டினார்கள். நண்பகல் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது கொழுந்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அசுவினி இருந்தது. கிளாஸின் அடியில் வெறும் தோல்கள்.

மக்காவி எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டார். "கிளாஸுக்குள்ள நடந்தா வயல்லயும் நடக்குமோ?"

"நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் ஹாஜி. அதுக்குத்தான் ஆறு நாளுக்கு ஒருக்கா இல்ல, மூணு நாளுக்கு ஒருக்கா எண்ணறேங்கறேன். தின்னுறது குறைஞ்சு ஈ ஏறினா, நானே போயி விமானத்தக் கூட்டியாறேன்."

"உன்ன எவன் கூட்டியார விடுவான்? உனக்கு வேலையே இருக்காதுடா கிறுக்கா," என்றார் மக்காவி. ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அதற்கு மேல் பத்தூல் பேசினாள். "எம் பாகத்துல இந்தப் பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டு விழல. உங்க எல்லாரையும்விட நான் குறைச்சலாவா பறிச்சிருக்கேன்? சொல்லுங்க பாப்போம்." அவள் யாருக்கும் குறைவாகப் பறித்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டில் ஸித்தனா வேறு மாதிரி கேட்டாள். அவள் கரமல்லாவின் மனைவி, மகள் ஸுஆத்தின் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் ஆணி அடித்தாற்போல் இருக்கும்.

"ஸுஆத் வாப்பா, வேலை போயிரும். தெரியுந்தானே?"

"தெரியும்."

"கண்ணு போனப்ப நீங்க ஒரு வார்த்தை கேக்கல. இப்ப ஈக்காகப் போயி நிக்கறீங்க."

"அன்னைக்குக் கேக்காம விட்டேன்ல, அதான் இன்னைக்கு நிக்கறேன்."

ஸித்தனா கொஞ்ச நேரம் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப நல்லாச் சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்தோட நின்னா விழுந்துருவீங்க," என்றாள்.

சனிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில் அலுவலக லாரி வந்தது. கொடிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் அப்கர், மேற்கே தாருஃபூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவன். வரப்பில் ஆட்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தான். ஒன்பது பேரில் ஏழு பேர் இருந்தார்கள். மக்காவி வரவில்லை. வயலின் நடுவில், இடுப்பளவு செடிக்குள், வெள்ளை உடுப்போடு கரமல்லா நின்றார்.

"அண்ணே, வெளிய வாங்க. மருந்து தலையில விழும்," என்று அப்கர் கத்தினான்.

"எனக்கு அது புதுசா? நீ நிக்கற அதே இடத்துல ஆறு வருஷம் நின்னவன்தான் நானு. கிட்ட வா, இந்தக் கண்ணப் பாரு."

அப்கர் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தான். பார்த்தான். தன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"எனக்கும் ராத்திரியானா எரியுதுண்ணே."

"எரியும். அப்புறம் எரியாது, தெரியவும் தெரியாது."

"கொடி தூக்கலன்னா என்னை லாரியில ஏத்த மாட்டாங்க."

"ஏத்தலன்னா நடந்து வா, எங்க வீட்டுல சாப்பிடலாம். நான் உன்னக் கட்டாயப்படுத்தல தம்பி. தூக்கணும்னா தூக்கு. நான் நகர மாட்டேன், அவ்வளவுதான்."

விமானத்தின் சத்தம் தெற்கிலிருந்து கேட்டது. அப்கர் கையிலிருந்த கழியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கழியைச் செடிகளுக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். எதிர்க்கோடியில் இருந்தவன் அதைப் பார்த்துத் தன் கொடியையும் இறக்கிவிட்டான்.

விமானம் கொடியைத் தேடி ஒருமுறை சுற்றியது. இரண்டாவது சுற்றில் மிகத் தாழ இறங்கி வந்தது. காற்றில் செடிகள் படுத்து எழுந்தன. கரமல்லாவின் தலைப்பாகை பறந்தது, அவர் அசையவில்லை. விமானி கையை நீட்டி ஏதோ திட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பத்தூல் தன் ஒரு செருப்பைக் கழற்றி விமானத்தை நோக்கி எறிந்தாள். அது மக்காவியின் பாகத்தில் போய் விழுந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு விமானம் வேறு கொடிகள் காத்திருந்த பதினைந்தாம் வயலுக்குப் போய்விட்டது.

அன்று மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் வந்து கரமல்லாவைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். காவல் நிலையத்தில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்ன குற்றம் என்று எழுதுவதில் அவர்களுக்கே குழப்பம். "தன்னோட ஊரு வயல்ல நின்னான்னு எழுதுங்க," என்றார் கரமல்லா. சாயங்காலத்துக்குள் ஏழு குடும்பத்துப் பெண்களும் தலையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்து வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டார்கள். நிலைய அதிகாரி தானும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவரை அனுப்பிவிட்டார்.

வேலை நீக்கக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. இடையூறு செய்தார் என்று எழுதியிருந்ததைப் படித்துக் கரமல்லா தலையாட்டிக்கொண்டார். அடுத்த வரியில் அவர் முகம் மாறியது. தவறான எண்ணிக்கை கொடுத்தார் என்று இருந்தது. "இது பொய்," என்றார். "இடைஞ்சல் பண்ணினேன், சரி. தப்பா எண்ணல. ஒருநாளும் எண்ணல."

பிறகு வந்தவைதான் கஷ்டமான நாட்கள். மூன்றாம் நாள் ஈ இருநூற்று எண்பது. ஆறாம் நாள் முந்நூற்று முப்பது. ஒன்பதாம் நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. பதினைந்தாம் வயலில் மருந்து விழுந்து ஈ செத்துக் கிடக்க, பதினான்கில் இலைகள் பசையேறி வெயிலில் மினுங்கின. மக்காவி வரப்பில் நின்று ஊர் கேட்கக் கத்தினார்.

"எங்க போச்சு உன் படை? தூங்குதா? எழுப்பிவிடுடா!"

"வந்துக்கிட்டிருக்கு ஹாஜி."

"நடந்து வருதா, ஒட்டகத்துல வருதா?"

கரமல்லா சிரிக்கவில்லை. ஒருவேளை கும்மட்டத்து மூலையில் நடந்தது மர நிழலால் நடந்ததோ, அங்கே அடங்கிய பெரியவரின் பரக்கத்தால், அவர் அருளால், நடந்ததோ, தான் ஏழு குடும்பங்களைக் கிணற்றில் தள்ளிவிட்டோமோ என்றெல்லாம் அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஈயை எண்ணுவதோடு நிற்காமல் செதில்களை எண்ணினார். ஒன்பதாம் நாள் நூற்றுக்கு முப்பதில் ஓட்டை. பன்னிரண்டாம் நாள் நாற்பத்தெட்டு. பொறிவண்டின் மஞ்சள் முட்டைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஈயின் எண்ணிக்கை முந்நூற்றுத் தொண்ணூறிலேயே நின்றது. அன்று முதல்முறையாக அவர் வரப்பில் உட்கார்ந்து மூச்சுவிட்டார்.

பதினைந்தாம் நாள் இருநூற்றுப் பத்து. இருபத்தோராம் நாள் தொண்ணூறு. பதினைந்தாம் எண் வயலுக்கு அதே நாளில் மூன்றாவது முறையாக விமானம் வந்தது.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. கிழக்கு ஓரத்தில், வெண்டைத் தோட்டத்தை ஒட்டி, தத்துப்பூச்சி ஏறி மக்காவியின் பாகத்தில் இரண்டு வரிசை இலைகள் ஓரம் சிவந்து சுருண்டுவிட்டன. கரமல்லா அதைத் தாமதமாகத்தான் பார்த்தார். மக்காவியிடம் போய், "இது என் தப்பு. ஓரத்துல நான் சரியா எண்ணல," என்றார். கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்காரன் ஒருத்தன் தப்புன்னு சொல்லி எம் வயசுக்கு இப்பத்தான் கேக்கறேன்," என்றார். "நான் இப்ப ஆபீஸ்காரன் இல்ல ஹாஜி." "அதான் சொல்ல வருது போல."

பறிப்பு முடிந்தபோது பதினான்காம் வயல் மற்ற வயல்களைவிட அதிகமாக விளையவில்லை, குறையவும் இல்லை. ஆனால் பஞ்சு கையில் ஒட்டவில்லை. பதினைந்தாம் வயலின் பஞ்சைப் பறித்த பெண்கள் விரல்களை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஷரஃபுத்தீன் வந்து பதினான்காம் வயலின் மூட்டை ஒன்றில் கையை விட்டுப் பிசைந்து பார்த்தார். "இந்த வருஷம் அதிர்ஷ்டம்," என்றார். அடுத்த வருடமும் கொடி ஏறவில்லை. அப்போதும் அதிர்ஷ்டம் என்றார். பன்னிரண்டு, பதினாறு, பதினேழாம் வயல்காரர்களும் கரமல்லாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்ன பிறகு அவர் எதுவும் சொல்வதை விட்டுவிட்டார்.

மூன்றாம் வருடம் மழை பிந்தியது. பக்கத்து வயல்களில் சோளம் முளைக்கவே இல்லை. சோளக் கதிரில் தங்கிப் பெருகித்தான் பொறிவண்டும் நாவாயும் பருத்திக்கு வரும். தங்க இடமில்லாமல் அவை வரவில்லை. காய்ப்புழு வந்துவிட்டது. நூறு செடிக்கு ஐந்து முட்டை, பிறகு பதினெட்டு, பிறகு நாற்பத்தொன்று. பகையாளிகளைத் தேடித் தேடி எண்ணினாலும் ஒன்பதுக்கு மேல் இல்லை. கரமல்லா ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு, இரண்டு வருடமாக மிதிக்காத அலுவலகத்துக்குப் போனார். அந்த ஒரு மைல்தான் அவர் வாழ்நாளில் நடந்த நடைகளிலேயே நீளமானது.

"பதினாலுக்கு மருந்து வேணும் ஜனாப். ரெண்டு நாளுக்குள்ள வேணும்."

ஷரஃபுத்தீன் நாற்காலியில் சாய்ந்தார். "விமானத்த விரட்டின ஆளு விமானம் கேட்டு வந்திருக்கீங்க." அவர் குரலில் மரியாதை ஏறியிருந்தது. ஏளனமும் ஏறியிருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் தள்ளினார். "அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு ஒரு வரி எழுதுங்க. நாளைக்கே அனுப்பறேன்."

கரமல்லா தாளைப் பார்த்தார். ஒரு வரிதான். எழுதினால் ஒன்பது குடும்பத்தின் காய் தப்பும்.

"எழுத மாட்டேன் ஜனாப்."

"அப்ப வயலு?"

"அன்னைக்கு எண்ணினேன், வேண்டாம்னு இருந்துச்சு, வேண்டாம்னேன். இன்னைக்கு எண்ணினேன், வேணும்னு இருக்கு, வேணுங்கறேன். ரெண்டும் ஒரே கண்ணால பாத்ததுதான். ஒண்ணு தப்புன்னா இதுவும் தப்பு. தப்பான ஆளு பேச்சக் கேட்டு நீங்க எப்படி விமானம் அனுப்புவீங்க?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மக்காவி கைத்தடியோடு உள்ளே வந்தார், பின்னால் மற்ற எட்டுப் பேர், முன்வரிசையில் பத்தூல். கரமல்லா அவர்களை அழைக்கவில்லை. எங்கே போகிறார் என்று பார்த்துவிட்டு அவர்களாகவே வந்திருந்தார்கள், வாசலிலேயே பேச்சு காதில் விழுந்திருந்தது.

"எழுதித் தரணுமாமே?" என்றார் மக்காவி. "கொண்டா, நான் எழுதித் தரேன். எனக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைக்கறேன். இந்தக் கிறுக்கன் எண்ணினதுல ஒண்ணும் தப்பில்லன்னு நீயே எழுதிக்கோ, நாங்க ஒன்பது பேரும் கீழ விரல் வைக்கறோம். குத்தகை எங்களோடது. கேக்கறது நாங்க. இவங்கிட்ட எதுவும் வாங்க வேணாம்."

"பெருவிரல மட்டும் நீட்டச் சொல்லுங்க, மத்த விரலயெல்லாம் நீட்டிறப்போறேன்," என்றாள் பத்தூல்.

ஷரஃபுத்தீன் தாளை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போன் செய்தார். கரமல்லா அப்போதும் விடவில்லை. புழு ஏறிய ஆறு பாகத்துக்கு மட்டும் போதும், மேற்கில் மூன்று பாகத்தைத் தொடக்கூடாது, அங்கே மிச்சமிருக்கிற பகையாளிகள்தான் பிறகு மற்றதற்கும் பரவ வேண்டும் என்றார். கழிகளை மண்ணில் நட்டுவிட்டு ஆட்கள் விலகி நிற்கட்டும் என்றார். இன்ஸ்பெக்டர் போனைக் கையில் பிடித்தபடியே ஒவ்வொன்றையும் மறுமுனைக்குச் சொன்னார்.

ஒரே ஒரு முறை மருந்து விழுந்தது. புழு அடங்கியது. கீழ்க்காய்களில் நாலில் ஒரு பங்கு போயிற்று, மீதி நின்றது. தொடாத மூன்று பாகத்திலிருந்து பொறிவண்டுகள் மற்ற ஆறுக்கும் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரமும் கரமல்லா இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணினார்.

பல வருடம் கழித்து அலுவலகத்தில் புதிய படிவம் அச்சடித்தார்கள். நான்கு கட்டங்களுக்கும் கீழே, கடைசியில், 'நன்மை செய்யும் பூச்சிகள்' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம். ஷரஃபுத்தீனுக்குப் பின் வந்த இளம் இன்ஸ்பெக்டர் அதை எடுத்துக்கொண்டு கரமல்லாவின் வீட்டுக்கே வந்து, மறுபடி வேலைக்கு வரும்படி கேட்டார். ஸித்தனா காபி வைத்தாள். கரமல்லா படிவத்தை லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டார். பழைய கடிதத்தில் தவறான எண்ணிக்கை என்று எழுதிய வரியை எழுத்திலேயே திரும்பப் பெற வேண்டும். கடைசிக் கட்டத்தை முதல் கட்டமாகப் போட வேண்டும்.

"கட்டம் எங்க இருந்தா என்ன ஐயா?"

"கடைசில இருந்தா, மேல இருக்கறத எழுதினதுமே விமானத்துக்குப் போன் பண்ணிருவீங்க. கீழ வரைக்கும் யாரு படிக்கறா?"

இளைஞர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். கடிதமும் திரும்பவில்லை, கட்டமும் மேலே ஏறவில்லை, கரமல்லாவும் போகவில்லை. நான்கு எண் வயல்களின் குத்தகைக்காரர்கள் அறுவடையில் ஆளுக்குக் கொஞ்சம் சோளம் அளந்து தருகிறார்கள், கரமல்லாவின் வீட்டுக்கு அதுவே போதுமாக இருக்கிறது. வெள்ளைத் தாள் வாங்கி அவர் தானே கோடு போட்டுக்கொள்கிறார். முதல் கட்டம் தின்பவற்றுக்கு, இரண்டாவது தின்னப்படுபவற்றுக்கு. அந்தத் தாளைப் பார்க்காமல் இன்றுவரை எந்த அலுவலக லாரியும் பதினான்காம் வயலின் பாலத்தைத் தாண்டியதில்லை.